வேற வருத்தம் ஏதும் இருந்ததோ?

மாமா செத்து நாற்பது நாளாகிறது. இந்த நாற்பது நாளும் வீட்டுக்கு வந்த அழைப்புகளை எடுத்துக் கதைத்தது பெரும்பாலும் நான்தான். அம்மாவால் முடியவில்லை. கனடாவில் இருந்து, சுவிஸில் இருந்து, மூன்று ஒழுங்கை தள்ளியிருக்கிற சொந்தக்காரரிடம் இருந்து என்று எல்லா அழைப்பும் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில்தான் போகும். முதல் கேள்வி, "எப்ப நடந்தது?" அடுத்தது, "எத்தினை வயசு?" மூன்றாவது கேள்வி கொஞ்சம் குரல் தணிந்து வரும்.

"வேற வருத்தம் ஏதும் இருந்ததோ?"

"ஓம், சீனி இருந்தது" என்று சொல்லுவேன். அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளி. பிறகு, "அதுதானே."

இந்த "அதுதானே"யைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அதைச் சொன்னவர்களில் யாரும் கெட்ட மனிதர் இல்லை. அழுதுகொண்டே சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சொல் விழுகிற இடத்தில் கதைப்பவரின் மூச்சு கொஞ்சம் இலேசாகிறதை நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேன். தனக்குச் சீனி இல்லை. தன்ர மனிசனுக்கு இல்லை. அப்ப சரி.

நானும் இதே சொல்லைச் சொன்ன ஆள்தான். 2020 மார்ச் 28ஆம் திகதி இலங்கையின் முதல் கொரோனா மரணம் அறிவிக்கப்பட்டது. மாரவிலைப் பக்கத்து ஆள், வயது அறுபதுக்கு மேல் கீழாக, நீரிழிவும் இருந்தது என்று செய்தி வந்தபோது எங்கட பட்ச் வட்சப் குழுவில் நான் போட்ட வசனம் இன்னும் அழியாமல் கிடக்கிறது: "பயப்பிடாதேங்கோ மச்சான், வயசாளிகளுக்குத்தான்." பன்னிரண்டு பேர் பெருவிரல் போட்டிருந்தார்கள்.

அரசாங்கத் தகவல் திணைக்களம் ஒவ்வொரு இரவும் வெளியிட்ட மரணப் பட்டியலைப் பார்த்திருப்பீர்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதினார்கள். எந்த ஊர், எத்தனை வயது, ஆணா பெண்ணா, மரணத்துக்கான காரணம் கொவிட் நியூமோனியா, அதோடு நீரிழிவு, உயர் குருதியமுக்கம், நாட்பட்ட சிறுநீரக நோய் என்று. பிறகு சாவு கூடிப்போக அதற்கும் இடமில்லை. அதன்பின் மூன்றே மூன்று வரிசைதான் இருந்தது: 30 வயதுக்குக் கீழ், 30 முதல் 59, 60உம் அதற்கு மேலும். பக்கத்தில் ஆண், பெண் எண்ணிக்கை. கடைசி வரிசைதான் எப்போதும் கனமாக இருந்தது. முதல் வரிசையில் பல நாட்களில் பூச்சியம், ஒன்று, இரண்டு. நடு வரிசையில் ஒரு நாளின் எண்ணிக்கைக்குள் என்ர மாமா இருக்கிறார்.

எங்கட ஊர் மரண அறிவித்தலை இதோடு வைத்துப் பாருங்கள். அதில் எல்லாம் இருக்கும். பிறந்த இடம், வசித்த இடம், இன்னாரின் பாசமிகு மகன், இன்னாரின் அன்புக் கணவர், மைத்துனர், பேரப்பிள்ளைகள் வரை. எதனால் செத்தார் என்பது மட்டும் இருக்காது. அரசாங்கப் பட்டியலில் எதனால் என்பது மட்டும்தான் இருந்தது. செத்த வீடு இல்லை, எட்டுச் செலவுக்கு ஆட்கள் இல்லை, முகத்தைக் கடைசியாக ஒருக்கால் பார்க்கவும் இல்லை. அந்த நேரத்தில் ஒரு மனிதனைப் பற்றி ஊருக்குத் தெரிய வருகிற கடைசிச் செய்தி அவருடைய சீனி அளவாகிப் போகிறது.

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கலைப்பீடக்காரருக்குக் கணக்கு எதற்கு என்று கேட்கிற விஞ்ஞானபீட நண்பர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

வயது பற்றிச் சொல்லப்படுவது பொய் இல்லை. இந்த நோயைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தவற்றில் இதைப்போல உறுதியானது குறைவு. 2020 பெப்ரவரியில் டயமண்ட் பிரின்ஸஸ் கப்பல் யோகோகாமா துறைமுகத்தில் மறிக்கப்பட்டது ஞாபகம் இருக்கிறதா? பயணிகளும் சிப்பந்திகளுமாக 3,711 பேர். அதில் 712 பேருக்குத் தொற்று. எல்லோரையும் பரிசோதித்தபடியால் அது கிட்டத்தட்ட ஒரு ஆய்வுகூடம் மாதிரி ஆகிவிட்டது. இறந்தவர்கள் பதின்மூன்று பதினான்கு பேர், எல்லோரும் முதியவர்கள். சமைத்து, கூட்டி, கட்டில் விரித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பந்திகளில் ஒருவரும் சாகவில்லை.

பிறகு பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளும் இதையே இன்னும் தெளிவாகக் காட்டின. 2020 கடைசியில் வந்த அப்படியொரு தொகுப்பாய்வின்படி, தடுப்பூசி இல்லாத நிலையில் தொற்றிய ஒருவர் இறக்கும் சாத்தியம் 25 வயதில் பத்தாயிரத்தில் ஒன்று. 55 வயதில் ஆயிரத்துக்கு நான்கு. 65 வயதில் நூற்றுக்கு 1.4. 75 வயதில் நூற்றுக்கு 4.6. 85 வயதில் நூற்றுக்குப் பதினைந்து. இந்த ஏற்றத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொரு ஆறு வயதுக்கும் ஆபத்து இரட்டிக்கிறது. எங்கள் வயதுக்கும் அம்மம்மாக்களின் வயதுக்கும் இடையில் இருப்பது நானூறு, ஐந்நூறு மடங்கு வித்தியாசம். இப்படிச் செங்குத்தாக ஏறுகிற வேறு எந்தக் காரணியும் இந்த நோயில் இல்லை. ஆண்களுக்கு ஆபத்துக் கூட. ஆனால் அது ஒன்றரை மடங்கு அளவில்தான்.

இனிச் சீனிக்கு வருவோம். தொடக்கத்தில் சீனாவில் இருந்து வந்த எண்களைத்தான் எல்லோரும் பகிர்ந்தோம். அங்கே உறுதிப்படுத்தப்பட்ட 44,672 நோயாளரில் வேறு நோய் எதுவும் இல்லாதவர்களில் இறந்தது நூற்றுக்கு 0.9, நீரிழிவுக்காரரில் 7.3, இருதய நோயாளரில் 10.5. பார்த்தவுடன் நெஞ்சு பதறும். சீனி இருந்தால் எட்டு மடங்கோ? அப்படி இல்லை. சீனி வருத்தம் இருக்கிறவர்கள் பொதுவாக வயதானவர்கள். அந்த 7.3க்குள் பாதி வேலையைச் செய்தது வயது. ஒரே வயதுக்காரரைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்து ஆய்வுகளில் இரண்டாம் வகை நீரிழிவு ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்றுதான் வந்தது. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அது இன்னும் கூட.

இரண்டு மடங்கு என்றால் என்ன? மேலே சொன்ன கணக்கின்படி ஆறு வயது. அதாவது சீனி இருக்கிற 58 வயது ஆள், இந்த வைரசைப் பொறுத்தவரை, சீனி இல்லாத 64 வயது ஆளைப் போல. அவ்வளவுதான். என்ர மாமாவுக்கு 58. ஆண் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு ஒன்று, கூடினால் ஒன்றரை, இரண்டு. அவரைப் போன்ற நூறு பேருக்கு இந்த நோய் வந்தால் தொண்ணூற்றெட்டுப் பேர் வீட்டுக்கு வருவார்கள்.

"அதுதானே" என்று சொன்ன யாருக்காவது இது தெரியுமா? நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் பிழைக்கிற ஒரு நிலையில் இருந்த மனிதரின் சாவுக்குச் சீனி ஒரு விளக்கமாகுமா? ஆபத்தைக் கூட்டிய ஒரு காரணம் என்று சொல்லலாம். "எப்படியும் போகத்தான் இருந்தவர்" என்று சொல்ல முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைத்தான் நாங்கள் ஒன்றரை வருடமாக ஒரே சொல்லால் தாண்டிக்கொண்டிருக்கிறோம்.

"எப்படியும் போகத்தான் இருந்தவை" என்ற கதையை ஆட்கள் எண்ணிக்கூடப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், கொவிட்டில் இறந்தவர்களுக்கு ஏற்கெனவே இருந்த நோய்களையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும், ஒவ்வொருவரும் சராசரியாகப் பத்து வருடத்துக்கு மேலான ஆயுளை இழந்திருக்கிறார்கள் என்று கண்டார்கள். சீனியோடும் பிரசரோடும் ஆட்கள் பத்து, இருபது வருடம் வாழ்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருப்பார், பாருங்கள். காலையில் குளிசை, கிளினிக் கொப்பி, பிளேன் டீக்குப் பனங்கட்டி கடிக்கலாமா கூடாதா என்ற சண்டை. இது சாகப்போகிற ஒருவரின் வாழ்க்கையா? இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் நீரிழிவோடோ அதற்கு முந்திய கட்டத்திலோ இருக்கிறார் என்று பதினைந்து வருடத்துக்கு முந்திய தரவுகளே சொல்லின. அவர்களில் கணிசமானவர்களுக்குத் தங்களுக்குச் சீனி இருப்பதே தெரியாது. அப்படிப் பார்த்தால், தொலைபேசியில் "அதுதானே" சொன்னவர்களிலும் சில பேருக்கு இருக்கத்தான் வேண்டும்.

மாமா ஓட்டோ ஓடினவர். கிளினிக் ஒழுங்காகப் போகிற ஆள். ஊரடங்கு மாறி மாறி வந்த காலத்தில் இரண்டு மூன்று தரம் போகவில்லை. ஒரு முறை மருந்து வீட்டுக்கு வந்தது, ஒரு முறை வரவில்லை. ஓட்டமும் இல்லை, உழைப்பும் இல்லை என்றதால் குளிசையை ஒன்றுவிட்ட ஒருநாள் போட்டிருக்கிறார். இது மாமி பிறகு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ஆக "வேற வருத்தம்" என்பது அவர் பிறக்கும்போது கொண்டுவந்த சாதகக் குறிப்பு இல்லை. அதே வருடம், அதே கொரோனா, அதே ஊரடங்கு சேர்ந்து அதைக் கூட்டியது. உடல்நிலை என்று நாங்கள் சொல்வதற்குள் எத்தனை பஸ் ஓடவில்லை என்பதும் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு கோடியே எழுபது இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020இல் செய்த ஆய்விலும், வயது, நோய் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வறிய பகுதிகளில் இருந்தவர்கள் கூடுதலாகச் செத்திருந்தார்கள்.

எனக்கு ஆற்றாத விசயம் இதில்லை. தடுப்பூசிதான்.

யாழ்ப்பாணத்துக்கு மே 30ஆம் திகதி சினோபார்ம் வந்தது. முதலில் ஐம்பதாயிரம். எங்கள் பிரிவுக்கு வந்தபோது அம்மம்மா போய்ப் போட்டா. 78 வயது, சீனியும் இருக்கு, முழங்காலும் ஏலாது. மாமாவே தன்ர ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். தான் போடவில்லை. "சீனி இருக்கிற ஆக்கள் போடக்கூடாதாம், பிறகு பார்ப்பம்." யார் சொன்னது? ஓட்டோ தரிப்பிடத்தில் ஆரோ. அவருக்கு ஆரோ அனுப்பின ஒரு குரல் பதிவு. "உங்கட தாய்க்கும் சீனிதானே, அவவை ஏத்தினனீங்கள்தானே?" என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குச் சூம் வகுப்பு.

எந்தக் காரணத்துக்காக அவர் வரிசையில் முன்னுக்கு நிற்க வேண்டியவரோ அதே காரணம் அவரை வரிசையை விட்டு விலக்கியது. வயதும் நோயும் ஆபத்து என்று ஒன்றரை வருடம் ஊரெல்லாம் கதைத்தோமே, அந்தக் கதை கடைசியில் இப்படியொரு வடிவத்தில்தான் ஓட்டோ தரிப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "நீங்கள் ஆபத்தில் இருக்கிற ஆள், ஆனபடியால் முதலில் நீங்கள்" என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. "வருத்தக்காரர்" என்ற பெயர் மட்டும் போய்ச் சேர்ந்தது.

அவரை மட்டும் குறை சொல்ல ஏலாது. நாட்டின் திட்டமே குழப்பமாகத்தான் இருந்தது. பிரித்தானியாவில் 2020 டிசம்பர் 8ஆம் திகதி முதல் ஊசி போட்டுக்கொண்டவர் 90 வயதான மார்கரெட் கீனன். பிறகு எண்பதுக்கு மேல், எழுபத்தைந்துக்கு மேல் என்று படிப்படியாக இறங்கினார்கள். இந்தோனேசியா நேர்மாறாக 18 முதல் 59 வயது வரையான உழைக்கிற ஆட்களில் தொடங்கியது. அதற்கும் அவர்கள் ஒரு காரணம் சொன்னார்கள். இங்கே ஜனவரி 29ஆம் திகதி முன்கள ஊழியர்களில் தொடங்கி, பிறகு மேல் மாகாணத்தில் முப்பது வயதுக்காரர் ஊசி போட்டபோது மற்ற மாகாணங்களில் எழுபது வயதுக்காரர் காத்திருந்தார்கள். மேல் மாகாணத்தில் தொற்று அதிகம் என்ற நியாயத்தை நான் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆனால் மேலே இருக்கிற எண்களை இன்னொருக்கால் வாசியுங்கள். ஒரு எழுபது வயதுக்காரருக்குப் போடுகிற ஊசி, ஒரு முப்பது வயதுக்காரருக்குப் போடுகிற ஊசியை விட எத்தனை மடங்கு சாவைத் தடுக்கும்? கையில் இருக்கிற ஊசி குறைவு என்றால் வயதுக் கணக்கு பயன்பட வேண்டிய ஒரே இடம் அதுதான். அங்கே அதை விட்டுவிட்டு, ஆறுதல் சொல்லத்தான் எடுத்துப் பாவித்திருக்கிறோம்.

2021 செப்டம்பரில்தான் 20 முதல் 29 வயதினருக்கு ஊசி தொடங்கியது. இதை வாசிக்கிற அநேகம் பேர் அந்த வயதுதான். உங்களிடம் பொய் சொல்லிப் பயப்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. எங்களுக்குச் சாகிற ஆபத்து மிகக் குறைவு. கர்ப்பிணிகளுக்கு, உடல் பருமன் கூடினவர்களுக்கு, சிறுநீரகம், இருதயம், புற்றுநோய் என்று சிகிச்சையில் இருக்கிற எங்கட வயதுக்காரருக்கு அது குறைவில்லை. ஆனால் பொதுவாகக் குறைவு. "இளைஞர்களே கவனம், உங்களையும் விடாது" என்று ஒரு இருபத்து மூன்று வயதுப் பிள்ளையின் படத்தைப் போட்டுப் பகிர்கிற பதிவுகள் எனக்குப் பிடிப்பதில்லை. அவை என்ன சொல்கின்றன? கிழவர் செத்தால் செய்தியில்லை, இளசு செத்தால்தான் கவனிப்பீர்கள் என்று. அதுவும் "அதுதானே"யின் மறுபக்கம்தான்.

2020 ஒக்டோபரில் அமெரிக்காவில் சில பேராசிரியர்கள் ஒரு பிரகடனம் எழுதினார்கள். முதியவர்களையும் நோயாளரையும் மட்டும் தனியே பாதுகாத்துவிட்டு மற்றவர்களை வழமைபோல வாழ விடலாம் என்று. கிரேட் பாரிங்டன் பிரகடனம் என்று பெயர். அதை மொழிபெயர்த்துப் பகிர்ந்த நண்பர்கள் எனக்கு உண்டு. வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அவர்களை எங்கள் வீட்டுக்கு ஒருக்கால் கூட்டிவர வேண்டும். மூன்று அறை, ஆறு பேர், ஒரு கக்கூஸ். அம்மம்மா படுக்கிறது விறாந்தையில், டிவிக்குப் பக்கத்தில். மாமா குடும்பம் ஒரே வளவில் பின்வீட்டில், சமையல் ஒரே குசினியில். இதில் யாரை எங்கே பிரித்து வைப்பது? பிரித்துவைக்கக்கூடிய வீடு இருக்கிறவர்களின் கணக்கு அது.

ஜூலைக் கடைசியில் வீட்டில் முதலில் இருமினது நான். நண்பனின் தங்கச்சியின் கலியாண வீட்டுக்குப் போய்வந்து நான்காம் நாள். இரண்டு நாள் காய்ச்சல், பனடோல், மல்லித் தண்ணி, மணம் தெரியவில்லை, பிறகு சுகம். அன்டிஜென் செய்தபோது வளவில் ஏழு பேருக்குப் பொசிட்டிவ். என்னில் இருந்துதான் போனதா, மாமாவின் ஓட்டோவில் ஏறின ஆரோ கொண்டுவந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மா "உன்னாலை இல்லை" என்று சொல்லுகிறா. கேட்காமலே அடிக்கடி சொல்லுகிறா.

எல்லோரும் அம்மம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். எண்கள் அதைத்தான் சொல்லின. ஊசி போடாதிருந்தால் அவவுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல். விரலில் மாட்டுகிற ஒட்சிசன் மானியை ஒரு அண்ணாவிடம் இரவல் வாங்கி, மணிக்கு ஒரு தரம் அவவின் விரலில் மாட்டினோம். 96, 95, 96. "என்ன மோனை, கரண்ட் அடிக்காதே?" என்று கேட்பா. மாமா பின்வீட்டில் "எனக்கொண்டும் இல்லை, சும்மா உடம்பு அலுப்பு" என்று படுத்திருந்தார். ஆறாம் நாள் இரவு மாமி வந்து கதவைத் தட்டினா. நான் கொண்டுபோய் மாட்டினபோது 81. மாமா அப்போதும் என்னோடு சாதாரணமாகத்தான் கதைத்தார். ஓட்டோவை மழையில் விடாமல் கொட்டிலுக்குள் தள்ளச் சொன்னார். மூச்சுத் திணறல் தெரியாமலே ஒட்சிசன் இறங்குவது இந்த நோயில் நடக்கிறது என்பதை நான் வாசித்திருக்கிறேன், தெரியாமல் இல்லை. ஆபத்து யாருக்கு என்று முடிவெடுத்துவிட்டு அந்த ஒரு விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்து நாள் வைத்தியசாலையில் இருந்தார். வாட்டுக்குள் கட்டில் இல்லாமல் நடைபாதையில் ஆட்கள் கிடந்த கிழமை அது.

அம்மம்மா சுகமாகிவிட்டா. இரண்டு ஊசியும் போட்ட 78 வயதுச் சீனிக்காரி. மகன் போனதை அவவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் சொன்னோம். போன கிழமை லண்டனில் இருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர் எடுத்தார், நான் கிணற்றடியில் நின்றேன், அவவே போனை எடுத்துவிட்டா. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் கதைப்பா. எப்ப, எத்தனை வயது, பிறகு அந்தக் குரல் தணிந்த கேள்வி.

"சீனி எனக்கும் இருக்கு, தம்பி" என்றா அம்மம்மா. அந்தப் பக்கம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு எங்கட ஒழுங்கையில் இன்னும் ஒரு ஊசியும் போடாத அறுபது தாண்டின ஆட்களை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பேர். பிள்ளைகள் வெளிநாட்டில், கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்பவர்கள் நான்கு பேர். பிரசருக்குக் குளிசை போடுறபடியால் பயம் என்பவர்கள் மூன்று பேர். ஒருவருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. இன்னொருவர் படுக்கையில், அவருக்கு வீட்டுக்கு வந்து போடுவார்களா என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டிருக்கிறேன். மாமாவின் ஓட்டோ கொட்டிலுக்குள் அப்படியே நிற்கிறது. எனக்கு ஓட்ட லைசன்ஸ் இல்லை, பக்கத்து வீட்டு அண்ணா ஓடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நடை.